செவலைக்கு மேலுக்கு முடியல

எங்க வீட்டு நாய் சோறு எடுக்காம படுத்ததுல இருந்து மண்டைக்குள்ள வேற எதுவும் ஓடல, அதான் இங்க வந்து கொட்டிடலாம்னு உக்காந்துட்டேன். "ஒரு நாய்க்காடி இம்புட்டு ரோதனை"ன்னு எங்க சித்தி போன்லயே சிரிச்சாக. சிரிக்கட்டும். வளக்குறவுகளுக்குத் தெரியும்.

பேரு செவலை, கலரும் செவலைதான். மாட்டுக்கு வைக்கிற பேரைப் போயி நாய்க்கு வச்சிருக்கீகளேன்னு எதுத்த வீட்டு அக்கா இன்னமும் கேலி பண்ணும். குட்டியா குடுத்தவரு சிப்பிப்பாறை கலப்புன்னு சொல்லித்தான் குடுத்தாரு, மூஞ்சியைப் பாத்தா ஆமாம்னு தோணும், வாலைப் பாத்தா சுத்தமான தெரு நாயி. நாகமலை புதுக்கோட்டைக்கு அங்கிட்டு கீழக்குயில்குடி போற பக்கம் எங்க வீடு, சுத்தி காலி பிளாட்டு, ஓடுறதுக்கு எடம் கெடக்கு, அதுக்கு ஒரு கொறையும் இல்ல.

இது திங்காத பண்டம்னு ஒண்ணு உண்டானு யோசிச்சுப் பாக்குறேன், பாகக்காயைத் தவிர எதுவும் ஞாபகம் வரல. முருங்கக்காச் சக்கை, தேங்காச் சில்லு, பொங்கலுக்குத் துப்புன கரும்புச் சக்கை எல்லாம் உள்ள போயிரும். ராத்திரி இவரு பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தா வண்டி தெருமுனை திரும்பும்போதே வாசல்ல நிக்கும், பார்சல் இல்லாத அன்னிக்கு அப்பிடி நிக்காது, எப்பிடித்தான் தெரியுமோ. ஒரு அமாவாசைக்கு மொட்டைமாடில காக்காய்க்கு வச்ச சோத்தை காக்கா எறங்குறதுக்கு முன்னாடி இது ஏறிப்போயி தின்னுட்டு வந்துருச்சு, அத்தை அந்த வெறும் இலையைப் பாத்துட்டு "உங்க மாமா வந்து தின்னுட்டுப் போயிட்டாருடி"ன்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டு இருந்தாக, நான் வாயே தொறக்கல.

அப்பேர்ப்பட்ட ஜீவன் சோறு வேணாம்னா எப்பிடி இருக்கும்.

அழகர் ஆத்துல எறங்கி திரும்ப மலைக்கும் போயி சேந்தாச்சு, கத்திரி வெயில் ஆரம்பிச்சிருந்துச்சு. மதியம் கோழிக்காலும் அரிசியும் மஞ்சப்பொடி போட்டு வேகவச்சு சட்டில வச்சேன், கூப்பிட்டதும் வந்துச்சு, மோந்து பாத்துச்சு, நாக்கால ஒரு தடவை ஓரத்தைத் தொட்டுச்சு, அப்பறம் தலையைத் தூக்கி என்னையப் பாத்துட்டு வாலை நுனி மட்டும் ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு போயி தண்ணித்தொட்டி பக்கத்துல ஈரமண்ணுல படுத்துக்கிச்சு. மன்னிப்பு கேக்குற கணக்கா இருந்துச்சு எனக்கு. சாயங்காலம் போயி பாத்தா சட்டி பூரா கட்டெறும்பு. அந்தச் சட்டில எறும்பு ஏறி நான் பாத்ததே இல்ல, ஏறுறதுக்கு அதுல மிச்சம்னு என்னிக்கு இருந்திருக்கு.

"வெயிலுக்குப்பா, நமக்கே எறங்கல, நாய்க்கு எப்பிடி எறங்கும்"னாரு இவரு. அதுல நியாயம் இல்லாம இல்ல. நாய்க்கு நமக்கு மாதிரி ஒடம்பு பூரா வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை எறக்கணும், மதுரைல 40 டிகிரியைத் தாண்டுற நாள்ல மதியச் சோத்தைத் தள்ளி விடுறது சாதாரணம். ஆனா வெயிலுக்குத் திங்காத நாயி வெயில் தாழ்ந்தா தின்னுரும். அதனால நேரத்தை மாத்திப் பாத்தோம், வெள்ளென ஆறு மணிக்கு முன்னாடி ஒருக்க, ராத்திரி பத்துக்கு மேல ஒருக்க. ரெண்டு நேரமும் அதே மோப்பம், அதே வால் ஆட்டல். அப்ப இது வெயில் இல்லன்னு எனக்கு வயித்தக் கலக்க ஆரம்பிச்சிருச்சு.

அங்கருந்து வீட்ல ஒரு கூத்து நடந்துச்சு. எதைக் குடுத்தா திங்கும்னு ஆளாளுக்கு ஒரு ஐடியா. அத்தை தயிர்சோறு பெசஞ்சு உருண்டையா ஊட்டப் பாத்தாக. மகன் அவிச்ச முட்டையை மஞ்சக்கரு தனியா எடுத்துட்டு போனான். கறிக்கடை தம்பிகிட்ட சொன்னா "அக்கா, ஈரல் கொண்டு போங்க, செத்த நாயும் எந்திரிச்சு திங்கும்"னான், என்ன வாயோ அவனுக்கு. நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு காட்டுனோம். இவரு ராத்திரி பரோட்டாவை பிச்சுப் போட்டு சால்னாவ ரெண்டு சொட்டு விடப்போனாரு, அதுல வெங்காயம் பூண்டு எல்லாம் இருக்கு, நாய்க்கு வெங்காயம் ரத்தத்தையே கெடுக்கும்னு நான் சட்டியைப் புடுங்குனேன், அதுக்கு அவரு "இத்தனை வருசமா தின்னுச்சுல்ல"ன்னு ஒரு சண்டை.

கடைசில ஈரல்ல ஒரு துண்டு தின்னுச்சு. ஒரே துண்டு. அம்புட்டுதான், வீடே கல்யாண வீடா ஆயிருச்சு. அத்தை தேனில இருக்க நாத்தனாருக்கு போன் போட்டு "தின்னுருச்சுத்தா, ஒரு வாய் தின்னுருச்சு"ன்னு சொல்றாக. எல்லாரும் நிம்மதியா தூங்கப் போயிட்டாக. எனக்கு மட்டும் தூக்கம் வரல, ஏன்னா ஒரு வாய் தின்னதைப் பாத்துட்டு நாள் பூரா ஒண்ணுமே திங்காததை எல்லாரும் மறந்துட்டோமேன்னு இருந்துச்சு. எங்க வீட்டு மனுசருக்கே இதுதான் கணக்கு. தின்னா நல்லாருக்கு, திங்கலைனா முடியல. ருசியை ஏத்திக்கிட்டே போனா முடியாத நாயும் ஒரு துண்டு திங்கத்தான் செய்யும், அதைப் பாத்து சந்தோசப்பட்டுட்டு ஏன் திங்கலைங்கிற கேள்வியைத் தள்ளிப் போட்டுருவோம்.

மறுநாள் எதுத்த வீட்டு அக்கா வாசல் கேட்டுகிட்ட வந்து நின்னுக்கிட்டு உள்ள வராம "ஏம்மா, ஊசி கீசி எல்லாம் போட்டிருக்கீகளா"ன்னுச்சு. கேக்குற தொனிலயே புரிஞ்சிருச்சு. நாய் சோறு தண்ணி எடுக்கலைனா தெருல மொதல்ல வர்ற பயம் அதுதான், தப்பும் சொல்ல முடியாது, அவுக வீட்ல சின்னப்புள்ளைக இருக்கு. வருசா வருசம் வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டையை எடுத்துட்டு வந்து காட்டுனேன். செவலை தண்ணி குடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, கூப்பிட்டா வருது, ஆளு அடையாளம் தெரியுது. ஊசி போடாத நாயா இருந்து, எச்சில் வழிய, தாடை தொங்க, குரலு மாறி, நடை தடுமாறி இருந்தா 'வாயில என்னமோ சிக்கிருக்கு'ன்னு கையை மட்டும் உள்ள விட்டுறாதீக, நேரா கால்நடை டாக்டர்தான். இதை ஒரு தடவை சொல்லிட்டேன், போதும்.

அந்த அக்காவேதான் "மேலு சுடுதே, ஒரு பாரசிட்டமால்ல பாதி குடும்மா"ன்னும் சொல்லுச்சு. நல்ல மனசுலதான் சொல்லுது. ஆனா நம்ம மாத்திரை நாய்க்கு ஆகாது, பாரசிட்டமால் அளவு மீறுனா ஈரலை அடிச்சிரும், ரத்தத்தையும் கெடுக்கும், புருஃபென் இன்னும் மோசம், வயித்துல புண்ணு, கிட்னி பாதிப்புன்னு கொண்டுபோயி விட்டுரும். கையால தொட்டுப் பாத்து காய்ச்சல்னு சொல்றதே சரி கெடையாது, நாயோட ஒடம்பு சூடு சாதாரணமாவே 101ல இருந்து 102.5 டிகிரி வரைக்கும் இருக்கும், நம்ம 98.6ஐ மனசுல வச்சுக்கிட்டு தொட்டா எல்லா நாயும் எல்லா நாளும் காய்ச்சல்தான். மூக்கு காஞ்சிருக்கு, மூக்கு ஈரமா இருக்குங்கிறதும் அப்பிடித்தான், தூங்கி எந்திரிச்ச நாய்க்கு மூக்கு காஞ்சுதான் இருக்கும்.

அத்தை அவுக பங்குக்கு பாண்டி கோயில் திருநீறை நெத்தில பூசி, மொளகா உப்பு வச்சு சுத்திப் போட்டாக. செவலைக்குத் தும்மல் வந்துச்சு. "கண்ணு கழியுதுடி"ன்னாக. நான் ஒண்ணும் சொல்லல, அவுக பயத்துக்கு அது மருந்து, செய்யட்டும்.

நான் என்ன பண்ணேன்னா ஒதட்டைத் தூக்கி ஈறைப் பாத்தேன். நல்லாருக்க நாய்க்கு ஈறு ரோஸ் கலர்ல இருக்கும், வெரலால அமுக்கி விட்டா வெளுத்து, ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப செவக்கணும். செவலைக்கு ஈறு பாதி கருப்பு, நாட்டு நாய்ல நெறையா அப்பிடித்தான் இருக்கும், அதுல ஒண்ணும் தெரியாது. அதனால கீழ் இமையை லேசா எறக்கிப் பாத்தேன். வெளுத்துப் போயி கெடந்துச்சு. அப்பறம் வயித்தைத் தடவிக் குடுக்கும்போது, முடி இல்லாத அந்த அடிவயித்துல, ஊசி முனை அளவுக்கு செவப்பா புள்ளி புள்ளியா தெரிஞ்சுச்சு. கொசுக்கடின்னு விட்டிருப்பேன், ஆனா கடியா இருந்தா தடிச்சு இருக்கணும், இது தோலுக்கு உள்ள இருக்கு, தடவுனா தெரியல. அதைப் பாத்த பிறகு எனக்கு வீட்ல கையும் ஓடல காலும் ஓடல.

எங்க பக்கத்துல இருக்க ஒரு கிளினிக்குக்குத்தான் மொதல்ல கொண்டு போனோம், பேரு வேணாம். தொட்டுக்கூட பாக்கல, டேபிளுக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டே "வெயிலு, வைட்டமின் போடுறேன், சரியாயிரும்"னு ஒரு ஊசியைக் குத்தி காசை வாங்கிக்கிட்டாரு. வயித்துல புள்ளி இருக்குன்னு நான் சொன்னது காதுலயே விழல. வெளிய வந்து வண்டிகிட்ட நிக்கும்போது எனக்கு வந்த கோவம் இருக்கே.

வண்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது, நாயைக் கூட்டிட்டு போறதே ஒரு பாடு. ஆட்டோக்காரவுக நாயைப் பாத்தா நிப்பாட்ட மாட்டாக, நிப்பாட்டுனா சீட்டு அழுக்காகும்னு எரட்டை வாடகை கேப்பாக. நமக்கு டிவிஎஸ் எக்ஸெல்தான். முன்னாடி தட்டுல சாக்கை விரிச்சு செவலையை உக்கார வச்சா அதுபாட்டுக்கு ஹேண்டில் பார் மேல தாடையை வச்சுக்கிட்டு வரும், மாடக்குளம் பக்கம் போகும்போது காத்துக்கு கண்ணை மூடிக்கும். அன்னிக்குத் தாடையைத் தூக்கி வைக்கக்கூட தெம்பில்லாம இவரு முட்டில சாஞ்சிக்கிட்டே வந்துச்சு. அதுவரைக்கும் வெயில் வெயில்னு பேசிட்டு இருந்த மனுசன் அதுக்கப்பறம் வாயே தொறக்கல, சிக்னல்ல நிக்கும்போது ஒரு கையால தலையைத் தடவிக்கிட்டே இருந்தாரு.

ரெண்டாவதா பாத்தது ஒரு டாக்டரம்மா. அவுக மருந்துக்கு முன்னாடி கேள்வியா கேட்டாக. கடைசியா எப்ப முழுசா சாப்ட்டுச்சு, தண்ணி கூட குடிக்குதா கொறையா குடிக்குதா, ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது, மலம் கருப்பா இருக்கா, வாந்தி உண்டா, மூக்குல ரத்தம் வந்துச்சா, இருமல் உண்டா, கருத்தடை பண்ணிருக்கா, இல்லைனா கடைசியா எப்ப பருவத்துக்கு வந்துச்சு. அந்தக் கடைசி கேள்வி எதுக்குன்னு நான் கேட்டேன். பொட்டை நாய்க்கு பருவம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல கர்ப்பப்பைல சீழ் புடிக்கிறது ஒண்ணு உண்டாம், சோறு திங்காது, தண்ணியை மட்டும் மொடக்கு மொடக்குன்னு குடிக்கும், சில நாய்க்கு வெளிய ஒண்ணுமே வடியாது, கவனிக்காம விட்டா உசுரு போயிரும், பெரும்பாலும் ஆபரேசன்தான் வழி. செவலைக்கு கருத்தடை பண்ணியாச்சு, அதனால அது இல்ல. குட்டி நாயா இருந்து வாந்தியும் ரத்தமா வயித்தால போறதும் இருந்தா பார்வோங்கிற வைரஸ் நோய், மழைக்காலத்துல எலி ஒண்ணுக்கு கலந்த தண்ணில எறங்குனா எலிக்காய்ச்சல், வயசான நாய்னா கிட்னி, பல்லு. ஒரே 'திங்க மாட்டேங்குது'க்குள்ள இத்தனை இருக்கு.

இந்தக் கேள்விக எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சுன்னா அதுக்கு எங்க மகன்தான் காரணம், பய நெட்ல பாத்துட்டு தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தான், என்ன உள்ள போச்சு, என்ன வெளிய வந்துச்சு, எத்தனை மணிக்குன்னு. படிக்கிற புஸ்தகத்துல இந்த அக்கறை இருந்தா எங்கயோ போயிருப்பான். டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கிப் பாத்து "இதைத்தான் நாங்க கேக்குறோம், யாரும் கொண்டு வர்றதில்ல"ன்னாக.

தெர்மாமீட்டர் வச்சாக, பின்னாடிதான் வைப்பாக, 104ஐ தாண்டிருச்சு. முன்னங்கால்ல முடியை வழிச்சு ரத்தம் எடுத்தாக. வழக்கமா ஊசியைப் பாத்தா டேபிளை விட்டு குதிக்குற நாயி அன்னிக்கு தலையை என் கைக்குள்ள வச்சுட்டு சும்மா கெடந்துச்சு, அது கடிக்க வந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ரத்த அணுவை எண்ணுற சிபிசி டெஸ்ட்டுல, ரத்தத்தை ஒறைய வைக்கிற பிளேட்லெட் 48 ஆயிரம். நல்லாருக்க நாய்க்கு பொதுவா ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கும். வயித்துல இருந்த புள்ளிக்கு காரணம் அதுதான், ரத்தம் ஒறையுறதுக்கு ஆளு பத்தாம தோலுக்கு அடில கசியுது. ஹீமோகுளோபினும் கொறவு. உண்ணிக் காய்ச்சல்னாக. எர்லிக்கியான்னு ஒரு பாக்டீரியா, ரத்தத்துல இருக்க வெள்ளை அணுவுக்குள்ள போயி உக்காந்துக்குமாம். நோய் இருக்க நாயைக் கடிச்ச உண்ணி அடுத்த நாயைக் கடிச்சா பரவுது. கடிச்சு ஒண்ணுல இருந்து மூணு வாரம் கழிச்சுத்தான் காய்ச்சலும் சோறு எடுக்காததும் தெரிய ஆரம்பிக்குமாம், அதுக்குள்ள அந்த உண்ணி ரத்தத்தைக் குடிச்சுட்டு உதுந்து போயிருக்கும். அதனால "எங்க நாய் மேல உண்ணியே இல்லையே டாக்டர்"ங்கிற பேச்சு செல்லாது.

நானும் அதைத்தான் சொன்னேன். அவுக சிரிச்சுக்கிட்டே செவலையோட காதை மடக்கி உள் மடிப்பைக் காட்டுனாக, சின்னதா நாலஞ்சு. கழுத்துப் பட்டைக்கு அடில ரெண்டு. முன்னங்கால் வெரலுக்கு நடுவுல விரிச்சாக, அங்க ஒண்ணு ரத்தம் குடிச்சு உப்பி கொட்டமுத்து கணக்கா பளபளன்னு இருந்துச்சு. வாரம் ஒருக்க குளிப்பாட்டி சீப்பு போட்டு வாருறவ நான், வெரலுக்கு நடுவுல எவன் பாத்தான். கண்டா வெரலால நசுக்கக்கூடாது, கொறடால தோலை ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்து சோப்புத் தண்ணில போடணும். நாய் மேல மண்ணெண்ணெய் ஊத்துறது, ஊதுபத்தி வைக்கிறது எல்லாம் வேணவே வேணாம்னாக, எங்க ஊருல இன்னும் அதைத்தான் செய்யுறாக.

ட்ரிப்ஸ் ஏத்தி, வாந்திக்கு ஊசி போட்டு, டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு எழுதிக் குடுத்தாக. அளவு எடைக்குத் தக்கன, அதை நான் இங்க எழுதப் போறதில்ல, யாராச்சும் அதைப் பாத்து வாங்கிப் போட்டுருவாக.

இனிமேதான் ரோதனையே. அந்த மாத்திரை வெறும் வயித்துல போனா கொமட்டும், வாந்தி எடுத்துரும். சாப்ட்டதுக்கு அப்பறம் குடுங்கன்னு சீட்டுல இருக்கு. சாப்பாடே எடுக்காத நாய்க்கு சாப்ட்டதுக்கு அப்பறம்னா எப்பிடிங்க. பால்ல, தயிர்ல கலந்தும் குடுக்கக்கூடாது, அதுல இருக்க சுண்ணாம்புச் சத்து மருந்தை ஒடம்புல சேர விடாதாம். அத்தையோட தயிர்சோறு அதோட ஒழிஞ்சுச்சு. கோழிக்கறியை உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் போடாம வேகவச்ச தண்ணில அரிசியைக் கொழைய விட்டு கஞ்சியாக்கி, ஊசி மாட்டாத சிரிஞ்சுல எடுத்து கடவாய் ஓரமா பைய விட்டோம். நேரா தொண்டைக்குள்ள பீய்ச்சக்கூடாது, பொறையேறி நுரையீரலுக்குப் போயிரும், ஒதட்டுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டா அதுவா நக்கி முழுங்கும், முழுங்குன பிறகுதான் அடுத்தது. ஒரு டம்ளர் கஞ்சி உள்ள போக எம்புட்டு நேரம்ங்கிறீங்க, என் நைட்டி, இவரு வேட்டி, சுவரு எல்லாம் கஞ்சி. அப்பறம் மாத்திரையை இட்லித் துண்டுக்குள்ள பொதிஞ்சு நாக்கோட பின்பக்கமா தள்ளி வாயை மூடி தொண்டையைத் தடவிவிட்டு, கொஞ்சம் தண்ணியும் விடணும், இல்லைனா மாத்திரை பாதி வழில ஒட்டி தொண்டையைப் புண்ணாக்கிரும். முழுங்கிட்டேன்னு மூஞ்சியைக் காட்டிட்டு அஞ்சு நிமிசம் கழிச்சு துளசிமாடத்துக்குப் பின்னாடி துப்பி வச்சிருக்கும். முடியாத ஒடம்புல அந்த களவாணித்தனம் மட்டும் கொறையல.

பப்பாளி இலைச் சாறுன்னு ஒரு யோசனை வந்துச்சு பாருங்க, தெருவே சொல்லுச்சு, டெங்கு வந்தப்ப எங்க பக்கம் எல்லாரும் குடிச்சது, பிளேட்லெட்டுன்னு சொன்னாலே நம்ம ஊருல அடுத்த வார்த்தை பப்பாளி இலைதான். இவரு பறிச்சே கொண்டாந்துட்டாரு. டாக்டரம்மாவுக்கு போன் போட்டா, "அந்தக் கசப்பை நீங்க ஒரு மொடக்கு குடிச்சுப் பாருங்க, ஏற்கனவே கொமட்டிட்டு இருக்க நாய்க்கு அதைக் குடுத்து உள்ள போன கஞ்சியும் வெளிய வரணுமா, கிருமியைக் கொல்றது மாத்திரை, அதை ஒழுங்கா குடுங்க"ன்னாக. இவரு நெசமாவே ஒரு வாய் குடிச்சுப் பாத்தாரு. அப்பறம் பேச்சு மூச்சில்ல.

மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் எறங்கிருச்சு. ஒரு நாள் விடியக்காலம் அடுப்படி வாசல்ல வந்து நின்னு என்னையப் பாத்துச்சு, கஞ்சியை சட்டில வச்சேன், சிரிஞ்சு இல்லாம தானா நக்குச்சு. பாதிதான். ஆனா தானா. எனக்கு அழுகை வந்துருச்சு, அடுப்புல பால் பொங்குனது தெரியல.

இங்கதான் மறுபடி எங்க வீட்டுக் கணக்கு குறுக்க வந்துச்சு. "அதான் திங்க ஆரம்பிச்சிருச்சுல்ல, எதுக்கு இன்னும் மாத்திரை, சூட்டு மாத்திரை வேற"ன்னு அத்தை. இவருக்கும் உள்ளுக்குள்ள அந்த எண்ணம்தான், காசும் போகுதுல்ல. இந்தக் காய்ச்சல்ல இருக்க சூட்சுமமே அதுதான், மருந்து பாதில நின்னா கிருமி முழுசா போகாம ஒடம்புலயே பதுங்கிக்கும், நாயி தின்னுக்கிட்டு வெளையாடிக்கிட்டு நல்லாத்தான் இருக்கும், மாசக்கணக்கா, சில நாய்க்கு வருசக்கணக்கா. அப்பறம் திரும்ப எந்திரிக்கும்போது எலும்பு மஜ்ஜையையே புடிச்சிருக்கும், புது ரத்தம் ஊற மாட்டேங்கும், அப்ப எந்த டாக்டராலயும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. இதைச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உங்க மாமாவும் சக்கரை மாத்திரையை இப்பிடித்தான், நல்லாருக்குன்னு விட்டாரு"ன்னாக. அதுல இருந்து மாத்திரை நேரம் அவுக டிபார்ட்மெண்ட். சீரியல் ஆரம்பிக்கிற பாட்டு கேட்டா மாத்திரை டப்பாவைத் தொறப்பாக, ஒரு வேளை தவறுனதில்ல.

உண்ணி எங்கருந்து வந்துச்சுங்கிற பஞ்சாயத்து தனியா ஓடுச்சு. பக்கத்து பிளாட்டுல கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் தலைலதான் எல்லாரும் போட்டாக, நானும் அவரை மொறைச்சுக்கிட்டுத்தான் போவேன். டாக்டரம்மா சொன்னது வேற. நாயைக் கடிக்கிற பழுப்பு உண்ணிக்கு நாய்தான் வேணும், ஆட்டுல ஏறுறது பெரும்பாலும் வேற சாதி. இது காட்டுல புல்லுலங்கூட அம்புட்டா இருக்காதாம், வீட்லயே குடும்பம் நடத்துமாம். ரத்தம் குடிச்ச பொட்டை உண்ணி கீழ எறங்கி சுவத்து வெடிப்பு, கதவு நெலை, கட்டில் கால் இடுக்குன்னு ஏறிப்போயி ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும், குஞ்சு பொரிச்சு அங்கயே காத்துக் கெடக்கும், சாப்பாடு இல்லாம மாசக்கணக்குல தாங்கும். சூடு அதுக்கு ரொம்ப இஷ்டம், அப்ப மதுரையைச் சொல்லவா வேணும். அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டு பிரயோசனமில்ல, எடத்துக்கும் பாக்கணும்.

டார்ச் எடுத்துட்டு ராத்திரி காம்பவுண்டு சுவத்துகிட்ட போயி பாத்தோம். வீடு கட்டுன காலத்துல இருந்து பூசாத சுவரு, செங்கல்லுக்கு நடுவுல சந்து சந்தா இருக்கும், செவலை எந்நேரமும் அதுல முதுகைத் தேச்சுக்கிட்டுத்தான் படுக்கும். சந்துக்குள்ள லைட்டை அடிச்சா கடுகளவுக்கு ஊருது. மகன் "ஐயோ"ன்னு பின்னாடி குதிச்சுட்டான். ஆட்டுக்காரர் பாவம்.

உண்ணிக்கு இப்ப மாத்திரையே வந்திருக்கு, நெக்ஸ்கார்டுன்னா மாசம் ஒண்ணு, பிராவெக்டோன்னா பன்னெண்டு வாரத்துக்கு ஒண்ணு, வெலை கூடத்தான், ஆனா ட்ரிப்சுக்கும் டெஸ்ட்டுக்கும் குடுத்ததைப் பாத்தா ஒண்ணுமில்ல. எந்த நாய்க்கு எது ஆகும்னு டாக்டர்தான் சொல்லணும், வலிப்பு வர்ற நாயா இருந்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லிருங்க. செவலைக்கு குடுத்தாச்சு. சுவத்துக்கு மருந்து அடிக்க ஆளு வந்தாரு, நாயை மகன் கூட மொட்டைமாடிக்கு அனுப்பிட்டு அடிச்சோம், காயுற வரைக்கும் எறக்கல. ஆனா சந்து இருக்க வரைக்கும் திரும்ப வரும், பூசித்தான் ஆகணும்னு அவரும் சொல்லிட்டாரு. தை பொறந்தா பூசுவோம், தை பொறந்தா பூசுவோம்னு இவரு எத்தனையோ தையை ஓட்டிட்டாரு, இந்தத் தடவை நான் விடல.

மாத்திரை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல எடுத்த ரத்தத்துல பிளேட்லெட் லட்சத்தைத் தாண்டிருச்சு, முடிஞ்ச பிறகு திரும்ப ஒரு டெஸ்ட் எடுக்கணும். இப்ப முக்கால் சட்டி திங்குது, மிச்சத்தை வைக்குது. மிச்சம் வச்சாலே எனக்கு திக்குனு இருக்கு, ஓடிப்போயி இமையை எறக்கிப் பாக்குறேன், செவலை என்னையக் கண்டா இப்ப கண்ணை இறுக்க மூடிக்குது. கொத்தனார் நேத்து வந்து சுவத்தை அளந்து பாத்துட்டு ஒரு தொகை சொன்னாரு, இவரு அதைக் கேட்டுட்டு தண்ணி குடிச்சாரு. வெள்ளிக்கெழமை ஆளோட வர்றேன்னு சொல்லிருக்காரு, சிமெண்டு மூட்டை இன்னிக்கே எறக்கியாச்சு, பின்வாங்க முடியாதபடிக்கு.